பானா

முதலில் பிரிட்ஜை நிறுத்துவேன்.
நிறுத்தியதை மறந்து இரண்டுதரம் மீன் நாறிப்போனதால்
இப்போதெல்லாம் கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிட்டுத்தான்
உடுப்பு அலுமாரிக்குள் நுழைகிறேன்.
ஸ்காபரோ. பேஸ்மன்ட். இரவு பதினொன்றரை.
மேல்வீட்டுக்காரர் குளித்து முடிக்க வேண்டும்,
மார்க்கம் வீதியில் அந்த பஸ் போய்த் தொலைய வேண்டும்.

இருபுறமும் குளிர்ச் சட்டைகள். நடுவில் இஸ்திரிப் பலகை.
அதன்மேல் டேப்லட், அதிலிருந்து ஒரு வயர்,
வயர் நுனியில் மைக்,
மைக்குக்கு மகனின் பழைய காலுறை.

வாங்கிய முதல் வாரம்
அந்த மைக்கைப் பார்த்தே ஏழு சாவு வாசித்தேன்.
"கிணத்துக்குள்ள இருந்தோ வாசிக்கிறியள்?" என்றார்
வானொலி பகீரதன்.
வயர் பாதிதான் செருகியிருந்தது.
நான் பேசியது மைக்கோடு.
கேட்டுக்கொண்டிருந்தது
டேப்லட்டின் ஓரத்து ஊசித் துளை.

இப்போது பழகிவிட்டது.
ஒரு சாண் தள்ளி, வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி.
மரண அறிவித்தல் முழுக்கப் பானா:
பிறப்பிடமாகவும், பாசமிகு, பேரன், பேத்தி, பூட்டன்,
பூதவுடல் பார்வைக்கு.
நேரே போனால் ஒவ்வொன்றும் வெடிக்கும்.
பச்சைக் கோடு மஞ்சளைத் தொடலாம்,
சிவப்பைத் தொடக் கூடாது.
மூச்சுகளை வெட்டிவிட வேண்டும்.
செத்தவர் செய்தியில் மூச்சுக் கேட்கக் கூடாது என்று
பகீரதன் சொன்னது பகிடியா, இன்றுவரை தெரியாது.

இன்றைக்கு
கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட
வைத்திலிங்கம் பரஞ்சோதி.
பாசமிகு தந்தை என்ற இடத்தில் மூன்று பெயர்கள்.

பின்னேரம் ஒரு தொலைபேசி. அடக்கிய ஆண் குரல்,
பின்னால் திறந்துவிட்ட குழாய்.
"அக்கா, நாங்கள் நாலு பேர்.
மூண்டாவது துஷ்யந்தி. மெல்பேணிலை இருக்கிறா.
பெரியண்ணை எழுதித் தந்ததிலை இராது."
போடச் சொல்லவில்லை.
போட வேண்டாமென்றும் சொல்லவில்லை.
தண்ணீர் நின்றது. வைத்துவிட்டான்.

மூன்று பெயரோடு ஒருதரம் வாசித்தேன்.
சுத்தமான ஒலி, இரைச்சல் இல்லை,
ஒரு பானாகூட வெடிக்கவில்லை.
திரும்பப் போட்டுக் கேட்டால்
இரண்டாவது பெயருக்கும் அடுத்ததுக்கும் நடுவே
அரை நொடி வெளி. வேண்டுமென்று விட்டேனா,
சொல்லத் தெரியவில்லை.

மறுபடி சிவப்புப் பொத்தான்.
துஷ்யந்தி.
பானா இல்லாத பெயர். வெடிக்க ஒன்றுமில்லை.
அதைத்தான் அனுப்பினேன்.
கூடுதல் பெயருக்கு ஒரு டொலர்;
என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளட்டும்.
பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு விழுந்திருந்தது.
வெட்டவில்லை.

விடிய நாலரைக்கு டோனட் கடை.
சாவியைத் தேடிக் கட்டிலைப் புரட்டி, கைப்பையைக் கொட்டி,
கடைசியில் பிரிட்ஜைத் திறந்தேன்.
உள்ளே விளக்கு எரியவில்லை.
மீனுக்குப் பக்கத்தில் சாவி,
இன்னும் கொஞ்சம் குளிர்ந்தபடி.