பதினோரு ரிவெட்

கஞ்சிக்கோட்டில் மூடிக்கிடக்கும் ஓர் ஆலையின் மைதானம்.
கணவாய்க் காற்று மதிப்பெண் தாளைப் பிடுங்கப் பார்க்கிறது.
இருபத்துமூன்று வண்டிகள், நான் ஒருத்தி.
கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் காந்தம்.

காந்தத்துக்கு மரியாதை தெரியாது.
தகரத்தைக் கவ்வும். பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும்.
நகைக்கடைக்காரரின் வண்டியில் நான்கு முறை விழுந்தது.
அவர் டிரைவரைத் திட்டினார்.

ஒன்பதாவது, ஆஸ்டின். ஐம்பத்திரண்டு.
பாசி காய்ந்த பச்சை.
மற்றவை லாரியில் வந்து இறங்கியவை;
இது தானே ஓடி வந்தது.
ஓட்டி வந்தவர் ஜைத்தூன், அறுபத்தேழு வயது,
புதுசேரியில் மாவு மில்.

பதிவுப் புத்தகத்தில் மெட்ராஸ் முத்திரை.
"அந்தப் பக்கம் வாங்கினதா?"
"இல்லீங்க. வண்டி எங்க வீட்டு வாசல்லயேதான் நின்னுச்சு.
ஐம்பத்தாறுல கோடுதான் தாண்டிப் போச்சு."

குனிந்தேன்.
திருகுகளின் தலையில் ஒற்றைக் கீறல், சரி.
வயருக்குத் துணிச் சட்டை, சரி.
முன்சக்கரத்து நட்டில் இரண்டு மட்டும் மில்லிமீட்டர் வம்சம்,
மற்றதெல்லாம் அங்குலத்தின் பிள்ளைகள்.
அரை மதிப்பெண் போச்சு.
ஹாரன் இருமுகிறது.
தாளில் 'ஒலிக்கிறதா' என்று மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.
ஒலிக்கிறது.

பின்சீட்டைத் தூக்கினேன்.
தரை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே
இன்னொரு தரை.
நான்கு விரற்கடை இடைவெளி, பதினோரு ரிவெட்,
பிஸ்கட் டின்னைப் பிளந்து நிமிர்த்திய தகரம்.
ஓரத்தில் இன்னும் அழியாமல்
ஒரு கிளியின் வால்.

"இது கம்பெனி போட்டதில்லையே."
"அத்தா போட்டது. அறுபத்தஞ்சுல."
வாளையார்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கோயமுத்தூர் அரிசிங்க. நடைக்கு முப்பது படி.
மேல என்னை உட்கார வெச்சுக் கம்பளி போத்திருவாரு.
செக்போஸ்ட் வந்தா இருமணும்.
நல்லா இருமுவேன், ஏழு வயசுல.
ஒரு நாள் நெசமாவே இருமல் வந்துருச்சு.
கண்ணு செருகிப் போச்சு.
பாவம் அந்த ஏட்டு, தண்ணி குடுக்கலாம்னு
என்னைத் தூக்கினாரு.
அன்னிக்குத்தான் பிடிபட்டோம்."

காற்று ஒரு முறை நின்று மறுபடி அடித்தது.

விதியைச் சொன்னேன்.
பின்னால் சேர்த்தது எதுவானாலும் எட்டு குறையும்.
இப்போதே கழற்றினால் குறையாது, பத்து நிமிட வேலை,
கோப்பைகூட வரலாம்.

"குறைச்சுக்குங்க" என்றார்.
"எனக்கு வேற ஒண்ணு தெரியணும்.
போன வருஷம் பார்க்க வந்தவரு,
கதை சொல்றதுக்காக நானே அடிச்சு வெச்சதுனுட்டாரு.
உங்க கண்ணாடியைப் போட்டுப் பாருங்க,
பழசுதானா?"

முப்பது வருடமாக
அசலுக்குள் போலியைத் தேடியவள் நான்.
முழங்காலிட்டுப் படுத்து
போலிக்குள் அசலைத் தேடினேன்.

ரிவெட்டின் தலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல்.
அவசரக்காரன் சுத்தியல்,
ராத்திரியில் அடித்திருக்க வேண்டும்.
துரு மேலே பூசியதில்லை, உள்ளிருந்து பூத்தது.
ஒன்று, இரண்டு, ஏழு, பத்து.
பதினொன்று மட்டும் வட்டம் பிசகாமல் பளபளத்தது.

"இது புதுசு."

பிடிபட்ட பிள்ளைபோல் நகத்தைப் பார்த்தார்.
"ஸ்டேஷன்ல நெம்பினப்ப தெறிச்சுப் போனது.
ஓட்டையா இருந்துச்சு, நான் போட்டேன்."

எட்டைக் கழித்தேன், அரையோடு சேர்த்து.
குறிப்பு எழுதும் இடம் இரண்டு வரிதான் இருந்தது:
கள்ளத் தரை அசலானது.
ஒரு ரிவெட் மாற்றப்பட்டுள்ளது.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.
கையெழுத்து சரியாக விழவில்லை, மறுபடி போடச் சொன்னார்.

கோப்பை பதினாறாம் வண்டிக்குப் போனது.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இருட்டியபின் வாளையாரில்
என் மாருதியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
டார்ச் பின்சீட்டில் ஊர்ந்தது,
காந்தம், கண்ணாடி, தாள்கள்.
மைதானத்துப் புழுதியில் தொண்டை கரகரத்தது.
வெளிச்சம் நகரும்வரை
இருமாமல் உட்கார்ந்திருந்தேன்.