முன்னிலை

தம்புச் செட்டித் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
பக்கம் முப்பது ரூபாய், தமிழ் என்றால் முப்பத்தைந்து.
முதல் வரியில் எப்போதும் நீதிபதிதான்.
அதை அடித்து முடித்துத்தான் காபி.

துளசிங்கத்தின் முதல் தாளில்
'பெருநகரக் குற்றவியல் நடுவர் அவர்கள்'.
ராயபுரத்தில் குழாயடிக்குப் போகும் மூன்றடிச் சந்து;
பக்கத்து வீட்டுக்காரன் அதில் கேட் வைத்து,
கேட்கப் போனவரின் பல்லை உடைத்திருந்தான்.
அபராதம் ஆயிரம். கேட் அங்கேயே நின்றது.

அப்புறம் சிட்டி சிவில் கோர்ட்.
எட்டாவது உதவி நீதிபதி.
யாருக்கு உதவி என்று கேட்டார்.
நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.
அப்பீலில் கூடுதல் நீதிபதி.
அந்தப் பட்டத்தில் மட்டும் நம்பிக்கை வைத்தார்:
கொஞ்சம் கூடக் கிடைக்கும்.
தோற்றார்.

அவருக்கும் பட்டங்கள் ஏறின.
புகார்தாரர், வாதி, மேல்முறையீட்டாளர்.
மீன்பாடி வண்டி அதேதான்.

ஹைகோர்ட்டுக்கு இங்கிலீஷ்: தி ஹானரபிள் மிஸ்டர் ஜஸ்டிஸ்.
தமிழில் தனக்கொரு பிரதி கேட்டார்.
'மாண்பமை நீதியரசர்' என்று அடித்தேன்.
அரசர் வரும்போது விரல் தானாக நிமிர்கிறது.
அதே வளாகம், அதே வேப்பமரம், அதே கடல்காற்று;
நூறடி நடந்தால்
யுவர் ஆனர் மை லார்ட் ஆகிவிடுகிறார்.
ஐயா கொய்யா என்று உளறாதே என்றிருந்தார் வக்கீல்.
மூன்று நாள் என் மேஜையருகே நின்று பழகினார்:
மைலாடு. மயிலாடு.
மயில் இல்லை, லார்ட் என்றேன்.
லாடு என்றார். லாடம் என்றார்.
பல் போன இடத்தில் காற்று போனது.

வெள்ளிக்கோல் ஏந்திய தபேதார் முன்னால் வர
எல்லோரும் எழுந்தார்களாம்.
நான்கு நிமிஷம்.
அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
வார்த்தையை வாயிலேயே அடக்கிக்கொண்டு
சாலையைக் கடந்து வந்தவர்
மாடியேறி என்னிடம் சொன்னார்:
'மை லார்ட்.'
சுத்தமாக இருந்தது.

நேற்று தீர்ப்பு நகல்.
ஜெயித்துவிட்டது. கேட்டை எடுக்க வேண்டும்.
நீதியரசர் பெயரில் ஒரு புள்ளி பிசகவில்லை.
மேல்முறையீட்டாளர்: துளசிலிங்கம்.
அப்படி ஒருவர் அந்தச் சந்தில் இல்லை.
பக்கத்து வீட்டுக்காரனும் அதைத்தான் சொல்கிறான்.

திருத்த மனு, இரண்டு பக்கம்.
காசு வேண்டாம் என்றேன்; எண்ணி வைத்துவிட்டார்.
தி ஹானரபிள் என்று ஆரம்பித்து
நிறுத்தினேன்.
அதை அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.
முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் ஐயா,
ஒவ்வொரு எழுத்தாக.