கொடுத்தாச்சு

நகரி கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும்
கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே என் மேசை.
தமிழிலிருந்து தெலுங்குக்குப் பக்கம் நூறு ரூபாய்.
தெலுங்கிலிருந்து தமிழுக்கு எண்பது;
அதைக் கேட்டு வருபவர்கள் குறைவு.

தேசம்மா கொண்டுவந்தது மாவுக்கடை நோட்டு.
முன்பக்கமெல்லாம் யார் எத்தனை படி அரைத்தார்கள்,
யார் பாக்கி, யார் பாத்திரத்தை விட்டுப் போனார்கள்.
பின்பக்கமிருந்து திருப்பினால் வாடகை:

தை 5. 3500. கொடுத்தாச்சு.
மாசி 6. 3500. கொடுத்தாச்சு.
பங்குனி 5. 3000. ஆடு வித்ததும் 500. கொடுத்தாச்சு.

இருபத்தாறு மாதம்.
சில தேதிகளின் மேல் உளுந்து காய்ந்த விரல்தடம்.

ஒரு பைசா வரவில்லை என்கிறது
ஜெயராமுலு நாயுடுவின் மனு.
ரசீது கேட்டதுண்டா என்றேன்.
"ஒருவாட்டி கேட்டேன். சிரிச்சிக்கினே,
ஏம்மா, எம்மேல நம்பிக்கை இல்லியான்னாரு.
அதுக்கப்புறம் எப்டிங்க கேக்கறது?"

பேனாவைத் திறந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.
கொடுத்தாச்சு.
யார்? யாருக்கு?
தமிழ் அதைச் சொல்லவில்லை. காரியம் முடிந்தது
என்று கையை உதறிவிட்டுப் போகிறது.
தெலுங்கில் இச்சானு என்றால் நான் கொடுத்தேன்.
இச்சாரு என்றால் அவர்.
இவ்வபடிந்தி என்றால் கொடுக்கப்பட்டது;
எந்தத் தெருவிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை,
கோர்ட்டுக்குள் மட்டும் பேசுகிறார்கள்.

"நான்தான் குடுத்தேன், வேற யாரு குடுப்பா?
நீங்களே ஒரு 'நான்' போட்டுக்கினா இன்னா?"
ஒரு சொல்தான். மை அதிகம் செலவாகாது.
ஆனால் கீழே, உள்ளது உள்ளபடி என்று
நான் கையெழுத்துப் போட வேண்டும்.
எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தமிழ் வரும்;
பெண்டாட்டி ஊர் பள்ளிப்பட்டு.

இவ்வபடிந்தி என்றே எழுதினேன். எழுதிக்கொண்டே போனேன்.
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல
என் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாவது மாதத்தில் நின்றேன்.
வைகாசி. அவள் எழுத்துக்குக் கீழே வேறொரு கை,
பச்சை மை, வட்டவட்டமாய்த் தெலுங்கு:
மோட்டார் ரிப்பேரு 350 தக்கிஞ்சானு. 3150 முட்டிந்தி.

"இது யார் எழுதினது?"
"அவர்தான். போர் மோட்டார் எரிஞ்சிபோச்சு,
எங்காசுல காயில் கட்டினேன்.
கழிச்சிக்கலாம்னு சொல்லி ஏதோ எழுதினாரு.
இன்னா எழுதிக்கிறாரு?"

ஒரு வருஷத்துக்கு மேலாக அவளிடமே இருந்த வரி.
பேசத் தெரிந்த பாஷை, படிக்கத் தெரியாத எழுத்து.

தக்கிஞ்சானு: குறைத்தேன்.
எதிலிருந்து என்று கேட்க வேண்டியது வக்கீல் வேலை.
வராத வாடகையில் எவனும்
முந்நூற்றைம்பது கழிக்கமாட்டான்.
முட்டிந்தி: பணம் கைக்கு வந்து சேர்ந்ததை அப்படித்தான் சொல்வார்கள்.
நம் காதுக்கு மாடு முட்டியதுபோல் கேட்கும்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஏற்கெனவே கோர்ட்டு பாஷையில் இருந்தது.
அப்படியே எடுத்தெழுதி, ஓரத்தில்
'வேறு கையெழுத்து' என்று மட்டும் குறித்தேன்.
அந்த வரிக்குக் காசு போடவில்லை.

என் கையெழுத்தே இல்லை என்று நாயுடு சொல்லலாம்.
வாய்தா இருபத்தெட்டாம் தேதி.
அன்றும் நீதிபதி லீவாக இருக்கலாம்.

நாலு பக்கம், நானூறு. எண்ணிக் கொடுத்தாள்.
எழுந்தவள் போகவில்லை.
"ஒரு ரசீது."

பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.
சிரிப்பு வந்தது. நாயுடுவின் சிரிப்பு ஞாபகம் வந்து
பாதியில் நிறுத்தினேன்.
தாளின் ஓரம் கிழித்து, தமிழில்,
தேதி, தொகை, தேசம்மாவிடமிருந்து,
பெற்றுக்கொண்டேன்.

எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
கடைசி 'டேன்' வரை விரல் போனது.
அங்கே கொஞ்சம் நின்றது.
பிறகு மடித்து, நோட்டில் வைகாசிப் பக்கத்தில் வைத்தாள்.