பெட்டி ஒன்று, இரவல்

ஆண்டகையின் கணக்கு பதினாறு வருஷம் என் கையில்.
மெழுகுதிரி, அப்பமாவு, குதிரைக்குக் கொள்ளு,
ஊர்காவற்றுறையிலிருந்து வத்தைக்கூலி.
ஒரு சதம் பிசகினால் நித்திரை வராத பிறவி நான்.

அவர் பிரெஞ்சுக்காரர், ஏதோ ஒரு மீன்பிடிக் கரை.
பண்டிதர் ஒருவரிடம் தமிழ் படித்து
நாக்கை மடித்து மடித்து
ழகரத்தைப் பிடித்தார்.
நெடுந்தீவில் இறங்கி "மழை" என்றார்.
சனம் வாயைப் பொத்திச் சிரித்தது.
அங்கே எல்லாருக்கும் அது மளை.
"சுவாமி கதைக்கிறது எழுத்துமாதிரிக் கிடக்கு"
என்றானாம் வஸ்தியாம்பிள்ளை, பாயை இறக்கிக்கொண்டே.

வாந்திபேதி வந்த வருஷம்
மூன்று பேருக்கு உறுதிபூசுதல் கொடுக்கப் போனவர்,
சோளகம் எழும்பி
இருபத்தொரு நாள் அங்கேயே நின்றார்.
ஒடியற்கூழில் முள் இருந்து தொண்டையில் குத்த
லத்தீனில் ஏதோ சொன்னார்.
அது செபம் இல்லை, வஸ்தியாம்பிள்ளை சத்தியம் பண்ணுவான்.

அந்தத் தீவில் முழங்கால் ஆழத்தில் கல்.
பாயில் சுற்றிப் புதைத்ததை நாய் கிளறும்.
நீக்கிலாவின் பெண்சாதி
ஒன்பது நாள் பிள்ளையை மடியைவிட்டு இறக்காமல்
இரண்டு இரவு இருந்தாள்.
அவர் தம் முடிப்பெட்டியைத் திறந்தார்.
பித்தளைக் கொளுக்கி, உள்ளே சிவப்புப் பட்டு,
ரோமையிலிருந்து வந்தது, விலை என்னிடம் இருக்கிறது.
முடியை எடுத்து மணலில் வைத்தார்.
பிள்ளைக்கு அளவு சரியாக இருந்ததாம்.
அந்த ஒன்றைத்தான் என்னால் நினைக்க முடிவதில்லை.

நத்தாருக்குப் பெரியகோயிலில்
கசங்கிய முடியோடு பூசை வைத்தார்.
முன்வரிசைப் பெண்கள் விசிறிக்குப் பின்னால் கதைத்தார்கள்.
நான் வருஷக் கணக்கோடு போய் நின்றேன்.
"ஆண்டகை, பெட்டி ஒன்று குறையுது."
"நெடுந்தீவில் இருக்கிறது."
"தொலைந்தது எண்டு எழுதட்டோ?"
"தொலையவில்லை."
"குடுத்தது எண்டு?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம்.
"இரவல்" என்றார்.

இரவல் என்றால் திரும்பும் நாள் எழுதவேண்டும்.
அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன்.

அவர் போன பிறகும் தை மாசம் தோறும்
புதுப் பேரேட்டுக்கு அந்த வரியைச் சுமந்துபோகிறேன்.
புது ஆண்டகை ஒருநாள் அதில் விரலை வைத்து
இது எப்போது வரும் என்று கேட்டார்.
மழைக்காலம், கடல் சரியில்லை என்றேன்.
மழை.
என் வாயிலும் அப்படியே வந்துவிட்டது.