காலிக் கட்டம்

துவாஸ் கிடங்கு. இரவு ஏழரை.
ஏர்கானைப் பதினெட்டில் வைத்துவிட்டு
எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

பதினோரு வரி ஸ்கிரிப்ட்.
ஓடவிட்டதும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும்
நகக்கண் உயரத்தில் ஒரு கோடு
ஏறி இறங்குகிறது:
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் ஓவர்டைம்.

நாற்பத்தேழாம் வரிசை, மொஃபிசுல்.
மார்ச் ஆறிலிருந்து பத்தொன்பது வரை
ஒன்றுமில்லை.

காலிக் கட்டத்தை என்ன செய்ய?
பூச்சியமா, இடைவெளியா,
இரு முனையையும் இணைத்துவிடவா?
இணைத்தால் வின்சென்ட்டுக்குப் பிடிக்கும்.
அறிக்கை அழகாயிருக்கும்.

போன வாரம் லிஃப்டில்
கட்டுப் போட்ட இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
"எந்த மாடி, சிஸ்டர்?" என்றான்.

இடைவெளி, என்று தட்டினேன்.

கோடு அங்கே அறுந்து
மறுபடி தொடங்குகிறது,
கொஞ்சம் கீழிருந்து.