காற்றுக்குக் கை உண்டு

ட்ரியெஸ்தே. மார்ச் மாதம், பகல் பதினொன்று.
போரா வீசுகிற நாள்.
துறைமுகச் சந்துகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
கயிற்றை விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குள் நுழைந்தாள்
ஒந்தினா ஃபுர்லானிச்,
மணிக்கு இருபத்திரண்டு யூரோவுக்கு மொழிபெயர்ப்பவள்.

அறிக்கை ஒன்றரைப் பக்கம்.
லீட்ஸிலிருந்து வந்த ஹெஸ்டர் ஆர்மராய்ட் அம்மையாரின்
பச்சைப் பட்டுக் கழுத்துத்துணி காணாமல் போனது.
மூன்றே நிமிடத்தில் கிடைத்தது.
கையில் வைத்திருந்தவன் நேவியோ, வயது பதினான்கு.
அடுத்து அந்தச் சொல்:
அச்சுஃப்பாத்தோ.

அகராதி தேவையில்லை அவளுக்கு.
கேட்ச் என்றால் பந்தையும் பிடிக்கலாம், ஜலதோஷமும் பிடிக்கலாம்.
கேப்சர் என்றால் ஒரு கோட்டை வேண்டும், இறக்குவதற்கு ஒரு கொடியாவது.
ஸீஸ், சுங்கத்துறை மேஜைமேல் சிகரெட் பெட்டிகள்.
நாப், போலீஸ்காரர்கள் டீக்கடையில் பேசுவது,
முத்திரை குத்தும் தாளுக்கு ஆகாது.
காலர் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது.
ஆங்கிலேயன் சட்டைக் கழுத்தைப் பிடிக்கிறான்.
இத்தாலியன் முன்னுச்சி மயிரை;
சூஃப்போ என்றால் மயிர்க்கொத்து,
அதிலிருந்து பிறந்த வினை இது.
(தமிழில் எழுதுகிற எனக்கு இந்தப் பாடு இல்லை.
குடுமி கைவசம் இருக்கிறது.)

நிமிர்ந்து பார்த்தாள்.
பெஞ்சில் நேவியோ.
போன வாரம் பேனுக்காக வழித்த தலை.
கழுத்துப்பட்டி இல்லாத பனியன்.
இரண்டு மொழிக்கும் பிடி கொடுக்காத பையன்.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட்டே பிழைப்பவள் அவள்;
இன்று நிஜமாகவே ஒரு மொட்டைத் தலை,
முழங்காலில் புதுச் சிராய்ப்பு.

“எதைப் பிடித்து நிறுத்தினீர்கள்?”

ப்ருஸாஃபெர்ரோ தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.
“காது” என்றார்.
கொஞ்சம் பொறுத்து, “இடது காது.”

காற்றுதான் உருவிக்கொண்டு போனது, நான் ஓடிப் பிடித்தேன் என்று
பையன் இரண்டு முறை சொல்லியிருக்கிறான்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
அவன் சொன்னதும் அதே வினை:
அச்சுஃப்பாத்தா.
அந்த மொழியில் கழுத்துத்துணி பெண்பால்.
துணிக்கு ஆ, பையனுக்கு ஓ,
இடையில் ஓர் உயிரெழுத்து.
துணிக்காவது ஓரத்தில் குஞ்சம் இருந்தது,
பிடிப்பதற்கு.

ஒந்தினா எழுதினாள்.
முதல் எழுவாய் காற்று.
இரண்டாவது நேவியோ.
மூன்றாவதாக மேலதிகாரி, அவர் கை, ஒரு காது.
மூன்றுக்கும் கேட்ச் என்றே போட்டாள், அழகில்லைதான்.

ஹெஸ்டர் அம்மையார் வாசித்தார்.
கழுத்தைத் தடவினார்.
“யாரோ கை வைத்தது போலத்தான் இருந்தது” என்றார்.
மறுபடி வாசித்தார்.
கையெழுத்துப் போடவும் இல்லை, தாளைத் திருப்பித் தரவும் இல்லை.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது.
அப்புறம், யாரிடம் என்றில்லாமல்:
“இன்னும் சிவந்திருக்கிறதே, அந்தக் காது.”

அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
ஒந்தினா மொழிபெயர்த்தாள்.