ஒற்றை மணி

தவசிமுத்துவுக்கு இப்போது
இரண்டே இரண்டு சொல்தான் சொந்தம்.
புடே சலா.
முன்னால் போங்க என்று அர்த்தம்.
இருபத்தொன்பது வருஷம் பெஸ்ட் பஸ்ஸில்
வாசலை அடைத்து நின்றவர்களிடம் சொன்னது.

பசித்தால் புடே சலா.
படுக்கை நனைந்தால் புடே சலா.
மகன் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் அழுதபோதும்
அதே புடே சலா, கொஞ்சம் மெதுவாக.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்த அன்று
மற்ற பாஷையெல்லாம் இறங்கிப் போயிற்று:
வள்ளியூர்த் தமிழ், டெப்போ மராத்தி,
சீட்டெடுக்காதவனைத் திட்டிய இந்தி.
இது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சயான் ஆஸ்பத்திரியில்
மிருணாளுக்கு என் மகன் வயசுகூட இருக்காது.
ஸ்பீச் தெரபி என்றதும்
பேச்சுக்குத்தான் வைத்தியம் என்றிருந்தேன்.
அவள் முதலில் தண்ணீரை நிறுத்தினாள்.

தொண்டையில் இரண்டு வாசல், மாவ்ஷி.
இவருக்கு மூச்சு வாசல் சரியாகச் சாத்தவில்லை.
தண்ணீர் அவசரக்காரி,
ஓடிப்போய் அதில் ஏறிவிடுவாள்.
அளவுக் கரண்டியால் ஒரு பொடியைப் போட்டு
டீயைக் கூழாக்கினாள்.
நாடியை நெஞ்சில் வைத்து விழுங்கு.
இப்போது வெறும் வாயை விழுங்கு.
ஆ சொல்லு. குரலில் ஈரம் இருக்கிறதா?

முப்பத்தொரு வருஷம் சோறு போட்டவள் நான்.
ஒரு வாய் கஞ்சி உள்ளே போவதை
பரீட்சை ரிசல்ட் மாதிரி பார்த்ததில்லை.
அரைக் கரண்டி. குரல்வளை மேலேறி நிற்கிறது.
புடே சலா, என்கிறார் கஞ்சியிடம்.
முதல்முறையாக அந்தச் சொல்
சரியான இடத்தில் இறங்கியது.
மிருணாள் சிரித்தாள். நானும்.
அவரும், வலது பக்கம் வராத வாயால்.

படங்களைக் காட்டினாள். பசு. சாவி. குடை.
புடே சலா, புடே சலா, பு...
இடது கையால் மேஜையைக் குத்தினார்.
நான் வராண்டாக் குழாயில்
ரொம்ப நேரம் முகம் கழுவினேன்.

அடுத்த வாரம் படங்கள் இல்லை.
அந்த இடது கையைப் பிடித்து
மேஜையில் இரண்டு தட்டு. டிங் டிங்,
வண்டி கிளம்பும் மணி.
சயான், என்றாள்.
காந்தி மார்க்கெட், என்றார்.
என் கைப்பை நழுவியது.
மகேஸ்வரி உத்யான். கோதாதாத் சர்க்கிள்.
ஹிந்த்மாதா. பரேல். லால்பாக்.
பைக்குல்லாவில் மூச்சு வாங்கி
புடே சலா, என்று முடித்தார்.

வரிசையாய்க் கிடப்பது வேறு அலமாரி, மாவ்ஷி,
தேடி எடுப்பது வேறு.
எண்ணிக்கை வரும், ஜெபம் வரும், வசவு வரும்.
கேட்ட சொல் வராது.

என் பேர் வருமா?

அன்னப்பழம், என்றேன்.
அன்னபளம், என்றாள். மூன்று தடவை.
நாக்கை மடித்துக் காட்டினேன்;
நோயாளிகளுக்கு வைத்திருந்த கண்ணாடியில்
அவள் தன் நாக்கைப் பார்த்தாள்.
பிறகு ஒரு காகிதத்தில்
காந்தி மார்க்கெட்டுக்கும் மகேஸ்வரி உத்யானுக்கும் நடுவே
புது ஸ்டாப் ஒன்று எழுதினாள்.

ஐப்பசியிலிருந்து தினமும் டிங் டிங்.
காந்தி மார்க்கெட். அன்ன... என்று நான் எடுத்துக் கொடுப்பேன்.
மகேஸ்வரி உத்யான்.
என்னைத் தாண்டித் தாண்டிப் போயிற்று வண்டி.

இன்று வெள்ளிக்கிழமை.
குக்கரில் இரண்டு விசில் வந்தாயிற்று.
முதுகைக் காட்டி நின்று அவர் டீயைக் கலக்குகிறேன்.
சயான். காந்தி மார்க்கெட்.
அன்னப்பயம்.
மகேஸ்வரி உத்யான். கோதாதாத்...

பழம் வரவில்லை, பயம் வந்தது.
இருக்கட்டும், அதுவும் நான்தான்.
ஆனால் ஏறவிடாமல் போகிறாரே!
கையிலிருந்த கரண்டியால் டம்ளரில்
ஒரே ஒரு தட்டு.

ஒற்றை மணிக்கு வண்டி நின்றாகணும்.
நின்றார்.
திரும்பி என்னைப் பார்த்தார்.
குக்கர் மூன்றாவது தடவை கத்தியது,
இரண்டு பேரும் அசையவில்லை.
டம்ளரில் டீ
இன்னும் கூழாகிக்கொண்டிருந்தது.